பதினான்கு யாக்கும் ஒரு கன்றும்

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் விடாமல் பனிக்காற்று அடித்தது. நான்காம் நாள் காலை வெயில் வந்ததும் தெஸ்கித் தன் யாக் மாடுகளை எண்ணப் போனாள். எண்ணுவதற்கு ஒன்றுகூட இல்லை.

மொத்தம் பதினான்கு. ஸ்கியர்மோ மேட்டில் குளிர்காலம் முழுக்கத் தாமாக மேய்ந்துகொண்டிருந்தவை. வாரத்துக்கு ஒருமுறை மேடேறிப் போய், கொண்டுபோன உப்பை நக்கக் கொடுத்துவிட்டு வருவாள். அன்றைக்கு மேட்டில் குளம்புத் தடம் மட்டும்தான் இருந்தது. தடம் கிழக்கே போய், கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் ரோங்மர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன், பெயர் மோதுப். சொந்த ஊர் கீழே, சிந்து நதி ஓரம், ஆப்ரிகாட் பழம் காய்க்கிற பக்கம். லேவுக்குக் கிழக்கே, சீன எல்லையோரம் இருக்கிற இந்தச் சாங்தாங் மேட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. டாக்டர் வேலைக்கு இதுவரை ஆள் போடாததால் ஊரே என்னை டாக்டர் என்று கூப்பிடும். முதல் இரண்டு வருஷம் மறுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"டாக்டரண்ணே, தலைவர் போயிட்டார்," என்றாள்.

"தனியாவா?"

"அவர் எந்தக் காலத்துல தனியா போயிருக்கார்? எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போயிருக்கார்."

தலைவர் என்பது அவளுடைய காளை யாக். தோளளவு உயரம், அழுக்குக் கறுப்பு, ஒரு கொம்பு கொஞ்சம் கோணல். எங்கே போகிறோம் என்று அதற்கும் தெரியாது, ஏன் போகிறோம் என்று பின்னால் வருகிறவையும் கேட்காது. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர்.

யாக் தொலைவது எங்களுக்குப் புதிதில்லை. ஓநாய் அடிக்கும், பனியில் புதையும். ஆனால் அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அது தொலைந்த கணக்கில் வராது. அது அரசாங்க விஷயம்.

எல்லைக்கோடு எங்கே போகிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நம் வரைபடத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆற்றையும் தாண்டி இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. சீனர்கள் வரைபடத்தில் என் மருந்தகத்துக் கழிப்பறைக்குப் பின்னால் போகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தில்தான் இந்த வட்டாரத்தின் நல்ல புல் எல்லாம் முளைத்துத் தொலைக்கிறது. பெரிய சண்டைக்கு முன்னால், அதாவது அறுபத்திரண்டுக்கு முன்னால், ரோங்மர்க்காரர்கள் குளிர்காலத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கழிப்பார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் கோடையில் இங்கே வருவார்கள். உப்பு அங்கிருந்து வந்தது, பார்லி இங்கிருந்து போனது, பெண்கள் மருமகள்களாக இரண்டு திசையிலும் போனார்கள். பிறகு எல்லாம் நின்றது. இப்போது ஸ்கியர்மோ மேட்டில் ஏழு கூடாரம் உண்டு. ஏழிலும் தினம் அடுப்புப் புகை வர வேண்டும். ஒரு கூடாரம் பத்து நாள் காலியாகக் கிடந்தால் பதினோராம் நாள் அந்தப் பக்கத்துக் கூடாரம் ஒன்று அரைக் கிலோமீட்டர் முன்னால் வந்து நிற்கும். அவர்களும் எங்களைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

தெஸ்கித்துக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் கணவன் நவாங் நல்ல மனிதன், ஆனால் வாய் திறக்க மாட்டான். ஆட்டு மந்தையோடு ஏரிப் பக்கம் போய்விட்டால் இரண்டு மாதம் ஆடுகளோடுகூடப் பேசமாட்டான் என்று சொல்வார்கள். ஆகவே வீட்டில் பேச வேண்டிய எல்லாவற்றையும் அவள்தான் பேசியாக வேண்டும். அந்தக் கடமையில் அவள் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு ராணுவ முகாமுக்குப் போனேன். அங்கே கேப்டன் சாங்வான். ஹரியானாக்காரர், இருபத்தெட்டு வயது, சொந்த ஊரில் எருமை வளர்க்கிற குடும்பம். அதனால் மாட்டு விஷயம் என்றால் மனிதர் உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவார். மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். அவர் பேசியது இந்தியில். நான் அதைத் தெஸ்கித்துக்கும், அவள் பேசியதை அவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, யாக்குங்க எந்த இடத்துல தாண்டிச்சுன்னு இதுல காட்டுங்க."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எங்க ஊரு எங்கே?"

"இந்தப் புள்ளி."

"இவ்ளோதானா நாங்க?" என்றவள், விரலை மேலே நகர்த்தினாள். "இதுல முட்டிக்கல்லைக் காணோமே."

"அது என்ன?"

"மேல ஏறும்போது முட்டி வலிக்க ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கல்லு. அதுக்கு மேல மருமக திரும்பின மேடு. அதுக்கும் மேல மூணு ஆடு."

"மூணு ஆடா?"

"மூணு ஆடு விறைச்சுப்போன இடம். எங்க மாமனார் காலத்துல."

கேப்டன் பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டார். "இதுக்கு எங்ககிட்ட பேரு புள்ளி நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணுன்னா அங்க காத்து அடிக்குமா அடிக்காதா? தண்ணி இருக்கா இல்லையா? பேரைக் கேட்டா ஒண்ணும் தெரியலையே," என்றாள் தெஸ்கித்.

இதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மொழிபெயர்த்தேன். கேப்டன் சிரித்துக்கொண்டே வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வந்தது. யாக் பதினான்கு பத்திரமாக இருக்கின்றன. ஒரு மேய்ப்பன் பார்த்துக்கொள்கிறான். எல்லையில் இரு தரப்பு அதிகாரிகளும் சந்திக்கிற கொடிக் கூட்டத்தில் திருப்பித் தரப்படும். உரிமையாளர் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும். மே பத்தொன்பது, காலை பத்து மணி.

போகும் முன்பு கேப்டன் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "அக்கா, அங்க நீங்க எதுவும் பேசக் கூடாது. யாக்கைக் காட்டி ‘இது என்னோடது’ன்னு சொல்லணும். அதோட சரி."

"சரி," என்றாள். அவ்வளவு சுருக்கமாக அவள் பதில் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரைக் கூழாங்கல் வெளியில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கூடாரம், நடுவில் ஒரு மேஜை. எங்கள் பக்கம் கேப்டன், நான்கு ஜவான்கள், தெஸ்கித், நான். எதிர்ப்பக்கம் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, இந்தி தெரிந்த ஒரு பெண் லெப்டினன்ட், சில சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் ஆட்டுத்தோல் அங்கி போட்ட ஒரு ஆள் நின்றான். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். கன்னமெல்லாம் வெயிலில் வெந்து கறுத்த முகம். யாக்குகளை வைத்துப் பார்த்துக்கொண்ட மேய்ப்பன் அவன்தான், பெயர் ஃபுர்பு.

அந்த லெப்டினன்ட் இந்தியைப் புத்தகத்தில் படித்தவள். மிகச் சுத்தமாகப் பேசினாள். அவள் சொன்னது இப்படி இருந்தது: "மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களே, தங்கள் வருகையால் நாங்கள் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தங்கள் கால்நடைகள் நலமாக உள்ளன."

"ரொம்ப நன்றி," என்றார் கேப்டன். அதற்கு மேல் அவருக்கு அப்படிப் பேச வரவில்லை.

யாக்குகள் நூறு அடி தள்ளி நின்றன. தெஸ்கித் கைநிறைய உப்பை எடுத்துக்கொண்டு நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். பதினான்கும் தலையைத் தூக்கின. தலைவர் முதலில் வந்தார். மற்றவை பின்னாலேயே வந்து அவளைச் சுற்றிக்கொண்டு கையை நக்கின. ஒவ்வொன்றின் இடது காதிலும் அவள் வீட்டு வெட்டுக்குறி இருந்தது. கண்ணாடி அதிகாரி காதுகளைப் பார்த்துத் தலையாட்டினார். அடையாளம் காட்டும் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

காகிதம்தான் முடியவில்லை.

அவர்கள் கொண்டுவந்த ரசீதில் யாக்குகள் இன்ன இடத்தில் எல்லை தாண்டி வந்தன என்று ஒரு பெயர் எழுதியிருந்தது. அது அவர்கள் வரைபடத்துப் பெயர். அதில் கையெழுத்துப் போட்டால் அந்த இடம் அவர்களுடையது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கேப்டன் தன் காகிதத்தை எடுத்தார். அதில் புள்ளி நாற்பத்தொன்று. கண்ணாடி அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. லெப்டினன்ட் சொன்னாள்: "இவ்வெண்ணை நாங்கள் அறியோம்." ‘எல்லை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மலைமுகடு’ என்று போடலாம் என்றார் கேப்டன். முகடு என்றால் எந்த முகடு என்று கேள்வி வந்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. காற்று ஏறிக்கொண்டே வந்தது. மேஜைமேல் இருந்த காகிதங்களின் மேல் ஜவான் ஒருவன் கூழாங்கல் வைத்தான், எதிர்ப்பக்கத்துச் சிப்பாயும் ஒன்று வைத்தான்.

தெஸ்கித்துக்குப் பொறுமை போய்விட்டது. எதிரே நின்ற ஃபுர்புவைப் பார்த்து எங்கள் பேச்சிலேயே கேட்டாள். அந்தப் பேச்சு ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"அண்ணே, இவங்க எதுக்கு அடிச்சுக்கிறாங்க?"

"இடத்துக்குப் பேரு வைக்கிறாங்க தங்கச்சி," என்றான் ஃபுர்பு.

"எந்த இடத்துக்கு?"

"முட்டிக்கல்லுக்கு."

தெஸ்கித் திரும்பி என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இவரும் முட்டிக்கல்லுங்கிறார்."

"என்ன பேசுறாங்க?" என்றார் கேப்டன். நான் சொன்னேன். கேப்டன் சற்று நேரம் தாடையைத் தடவினார். பிறகு லெப்டினன்ட்டிடம், "முட்டிக்கல்னு எழுதினா உங்களுக்குப் பரவாயில்லையா, கேளுங்க," என்றார்.

கண்ணாடி அதிகாரி தன் வரைபடத்தை விரித்து ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை தேடினார். லெப்டினன்ட் மொழிபெயர்த்தாள்: "எங்கள் வரைபடத்தில் அவ்வாறு ஓரிடம் இல்லை."

"எங்களோடதுலயும் இல்ல," என்றார் கேப்டன், பென்சில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

இரண்டு பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது. இல்லாத இடத்தை யார் யாருக்கு விட்டுக்கொடுக்க முடியும்? ரசீதில் இந்தி, சீனம், திபெத்தியம் என மூன்று மொழி எழுத்திலும் முட்டிக்கல் என்று ஏறியது. திபெத்திய எழுத்தில் எழுத எழுத்துக்கூட்டிச் சொன்னது நான்தான். என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன். யாரும் அதைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துக்கு முன்பு கடைசியாக ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள். கண்ணாடி அதிகாரி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு கேப்டனை எண்ணச் சொன்னார்.

பதினைந்து.

நடுவில் ஒரு பெண் யாக்கின் வயிற்று முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு வாரம் இருக்கும். தாய் கிளம்பிப் போனபோதே நிறைசினை என்பது எனக்கும் தெஸ்கித்துக்கும் தெரியும். யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

"ஆவணத்தில் பதினான்கு என்றே உள்ளது," என்றாள் லெப்டினன்ட். "இக்கன்று எங்கள் மண்ணில் பிறந்தது."

"தாய் எங்க தாய்," என்றார் கேப்டன். எருமை வீட்டுப் பிள்ளை, இந்த இடத்தில் சூடாகிவிட்டார். "தகப்பனும் எங்க தகப்பன்தான். இதுல மண்ணு எங்க வருது?"

கண்ணாடி அதிகாரிக்குக் கன்றின் மேல் ஆசை ஒன்றும் இல்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மேலே ஒப்புதல் வாங்கிய எண்ணிக்கை பதினான்கு. அதை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியில் இருந்த வயர்லெஸ் கருவியில் பேசப் போனார். கேப்டனும் நம் மேலிடத்தைக் கூப்பிடப் போனார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து சூரியகாந்தி விதைப் பொட்டலம் வந்தது, இந்தப் பக்கத்திலிருந்து இனிப்புப் பெட்டி போனது. ஜவான்களும் சிப்பாய்களும் ஒருவர் பூட்ஸை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பேசக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. தெஸ்கித்துக்கும் அது உண்டு, ஆனால் அவள் அதை எப்போதோ மறந்திருந்தாள். உப்புத் தேநீர்க் குடுவையைத் திறந்து ஃபுர்புவுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள்.

"இருபத்தாறு நாள் பாத்துக்கிட்டீங்க. தொந்தரவு குடுத்தாங்களா?"

"மத்ததுங்க பரவாயில்ல. அந்தக் கோணக்கொம்புதான். எனக்கு அரசாங்கம் சிமெண்ட் வீடு கட்டிக் குடுத்திருக்கு. அதோட கதவுல போய் முதுகு சொறிஞ்சான். கதவு உள்ள விழுந்துடுச்சு."

"ஐயோ, தூங்கிட்டு இருந்தீங்களா?"

"யாரு அதுக்குள்ள தூங்குறது? நான் கூடாரத்துலதான். வீட்டுக்குள்ள பாலாடைக்கட்டி காய வச்சிருக்கேன்."

தெஸ்கித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபுர்பு தேநீரைக் குடித்து, கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி கேட்டான்.

"தங்கச்சி, உங்க பக்கம் யூதோல்னு ஒருத்தங்க இருக்காங்களா? எங்கப்பாகூடப் பொறந்தவங்க. எனக்கு அத்தை. சண்டைக்கு முந்தின கோடைல ஆடு மேய்ச்சுக்கிட்டு உங்க பக்கம் வந்தாங்க. பதினாறு வயசு. அப்புறம் வழி அடைச்சுட்டாங்க. இருக்காங்களா இல்லையான்னுகூடத் தெரியாது. எங்கப்பா போன வருஷம் போயிட்டார். கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்."

"யூதோலா? வலது கன்னத்துல மச்சம்?"

"மச்சமெல்லாம் தெரியாது. நான் பொறக்கவே இல்லையோ என்னவோ அப்போ, இல்ல மடில கெடந்தேனோ."

"லே பக்கத்துல சொக்லம்சர்ல ஒரு யூதோல் இருக்காங்க. உங்க பக்கத்துலேருந்து வந்தவங்கதான். ரோட்டோரம் கம்பளிச் சாக்ஸ் விப்பாங்க. நான் போன வருஷம் வாங்கப் போயி ரொம்ப விலைன்னு சொன்னேன். ‘அப்ப வெறுங்காலோட போ’ன்னாங்க."

"சண்டை போடுவாங்களா?"

"அந்தத் தெருவுல அவங்க சண்டை போடாத ஆளு கிடையாது."

"அப்ப அவங்கதான்," என்றான் ஃபுர்பு. முகத்தை அங்கிக் கையில் துடைத்துக்கொண்டான். காற்றில் கண்ணில் தண்ணீர் வருவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதான்.

லெப்டினன்ட் பக்கத்தில் வந்து என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். "புல்லைப் பத்தி," என்றேன். அவள் ஃபுர்புவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், "நல்லது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே பதில். ஆவணத்தில் பதினான்கு. ஆகவே பதினான்குதான் போகும்.

கேப்டனுக்கு முகம் செத்துவிட்டது. பால் குடிக்கிற கன்றைத் தாயிடமிருந்து பிரித்தால் இரண்டு நாள் தாங்காது, தாயும் அந்த இடத்தை விட்டு நகராது. இதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை டாக்டர் சாப்," என்றார்.

நான் சொன்னேன். தெஸ்கித் மந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பதினாலு போகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எந்தப் பதினாலுன்னு எழுதியிருக்கா? பெருசு, சிறுசு, ஆணு, பொண்ணு?"

ரசீதை வாங்கிப் பார்த்தேன். யாக், பதினான்கு. வேறு ஒன்றும் இல்லை.

அவள் ஃபுர்புவிடம் போனாள். கையில் மிச்சம் இருந்த உப்பைத் தலைவருக்குக் கொடுத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"அண்ணே, இருபத்தாறு நாள் தீனி போட்டீங்க. இவர இங்கயே வச்சுக்கங்க."

ஃபுர்பு தலைவரைப் பார்த்தான். "இவன்தானே எல்லாரையும் இழுத்துட்டு வந்தவன்?"

"ஆமா. அவருக்கு உங்க புல்லு பிடிச்சிருக்கு."

"என் கதவை உடைச்சவன் தங்கச்சி."

"அதான் அந்த வீட்டுல யாரும் தூங்கலையே. நல்ல வித்து அண்ணே. டாக்டரண்ணனைக் கேளுங்க. இந்த மந்தைல கால்வாசி இவர் புள்ளைங்கதான்."

நான் தலையாட்டினேன். உண்மைதான்.

ஃபுர்பு கொஞ்ச நேரம் கோணக்கொம்பைப் பிடித்துப் பார்த்தான். "மறுபடி கதவை உடைக்க மாட்டானே?" என்றான். அதுதான் சம்மதம்.

கேப்டனிடம் நான் போய் அக்கா பதினான்கு என்ற எண்ணிக்கையை ஏற்றுக்கொள்கிறார் என்று மட்டும் சொன்னேன். மந்தை நகர ஆரம்பித்தது. ஃபுர்பு தலைவர் கழுத்தில் கயிறு போட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். கண்ணாடி அதிகாரி மேஜையருகே நின்று, கடந்துபோன ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியில் கன்று தாயின் வாலுக்குப் பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது. அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்தது. பதினான்கு.

பிறகு அவர் திரும்பி, கயிற்றில் நின்ற தலைவரைப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார். ஃபுர்புவிடம் ஏதோ கேட்டார். உள்ளூர்ச் சிப்பாய் ஒருவன் இடையில் மொழிபெயர்க்க, ஃபுர்பு அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னான்:

"இது என்னோடது. ரொம்ப நாளா என்னோடதுதான். நாங்களும் காதை இப்படித்தான் வெட்டுவோம்."

கண்ணாடி அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதி மேகம் மூடிய வானத்தைப் பார்த்தார். திரும்பிப் போக நாலு மணி நேர வழி. கையெழுத்துப் போட்டார். கேப்டன் நீட்டிய கையைக் குலுக்கும்போது முதன்முறையாகச் சிரித்தார் என்று கேப்டன் பிறகு சொன்னார், நான் அதைப் பார்க்கவில்லை.

கேப்டனுக்கு விஷயம் புரிந்தது திரும்பும் வழியில்தான். வண்டியில் உட்கார்ந்து மந்தையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று, "அந்தப் பெரிய காளை எங்க?" என்றார். நான் சொன்னேன். முகாமில் இறங்கும்போது, "எங்கம்மாவும் இப்படித்தான். சந்தைல ரெண்டு புரோக்கரை நிக்க வச்சுக்கிட்டே எருமைய மாத்திடுவாங்க," என்றார்.

நவாங் மறுவாரம் ஏரிப் பக்கத்திலிருந்து வந்தான். மந்தையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "தலைவர்?" என்றான்.

"அங்க இருக்கார்," என்றாள் தெஸ்கித்.

மூன்று கிண்ணம் தேநீர் குடித்தான். "அங்க புல்லு நல்லாருக்கும்," என்றான். அவன் அந்த மாதம் பேசிய பேச்சு அதுதான் என்று தெஸ்கித் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் காளையைப் பிரிந்த வருத்தம் இரண்டு பேருக்கும் இருந்தது. மேட்டுக்குப் போகும் நாளில் அவள் பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு பிடி உப்பு அதிகமாகத்தான் எடுத்துப் போனாள்.

ஜூனில் தடுப்பூசி மருந்து எடுக்க லேவுக்குப் போனேன். சொக்லம்சரில் சாலையோரம் யூதோலைத் தேடுவது கஷ்டமாக இல்லை. தூரத்திலேயே குரல் கேட்டது. சுற்றுலா வந்த ஒருவன் சாக்ஸை இழுத்துப் பார்த்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு வயது, வலது கன்னத்தில் மச்சம், விரல்கள் ஊசியை விட்டு ஒரு நொடியும் நகரவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன். அண்ணன் இறந்ததைச் சொன்னபோது ஊசி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையில் ஒரு லாரி போய் தூசி அடங்கியது. பிறகு பின்னலைத் தொடர்ந்தாள்.

"அவன் பையன் எப்படி இருக்கான்? ஒல்லியா, தடியா?"

"ஒல்லி."

"நிறையப் பேசுவானா?"

"நல்லாவே பேசினார்."

"எங்க வீட்டுப் புள்ளைதான். கால் அளவு என்ன?"

"காலா?"

"சாக்ஸ் பின்ன வேணாமா?"

"கவனிக்கலை அத்தை. பூட்ஸ் போட்டிருந்தார்."

"பத்தொம்பது வருஷமா மாட்டுக்காலைத் தூக்கித் தூக்கிப் பாத்தவன், ஒரு மனுஷன் காலைப் பாக்கத் தெரியலையே உனக்கு," என்றாள். "எங்கண்ணன் அளவுக்குப் போடுறேன். அவனுக்குப் பெரிய பாதம்."

இரண்டு நாள் லேவில் தங்கினேன். மூன்றாம் நாள் போனபோது சாம்பல் நிறத்தில், கணுக்காலில் சிவப்புக் கோடு வைத்த ஒரு ஜோடி தயாராக இருந்தது. காசு வாங்கவில்லை. அதை எப்படிக் கொண்டுசேர்ப்பேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

வாய்ப்பு செப்டம்பரில் வந்தது. இந்தமுறை அந்தப் பக்கத்து ஆடுகள் முப்பத்தெட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டன. மறுபடி ஆற்றங்கரை, மறுபடி மேஜை. கேப்டன் சாங்வான் மாற்றலாகிப் போயிருந்தார். புது அதிகாரி பஞ்சாபி, பேசாத மனிதர். எதிர்ப்பக்கம் அதே லெப்டினன்ட், புதிதாக வேறொரு அதிகாரி. ரசீதில் இடத்தின் பெயர் கேட்டபோது இரண்டு தரப்புமே பழைய கோப்பைத் திறந்து முட்டிக்கல் என்று எழுதினார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆட்டுக்காரனாக வந்தது ஃபுர்பு இல்லை, அவன் தம்பி. ஃபுர்பு மேல் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறானாம். நான் பையிலிருந்து சாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்து, "இவங்க அண்ணனுக்கு. அத்தை குடுத்தது," என்றேன் இந்தியில்.

பட்டியலில் இல்லாத பொருள். பஞ்சாபி அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் என் உத்தியோகம் ஆடியது. எதிர்ப்பக்கத்து அதிகாரி ஒரு சாக்ஸை எடுத்தார். புரட்டினார். உள்ளே கையை விட்டு விரல்நுனிவரை துழாவினார். கம்பளியின் சூடு பிடித்திருக்க வேண்டும், கையை உடனே எடுக்கவில்லை. இரண்டாவதையும் அப்படியே பார்த்தார்.

லெப்டினன்ட் அவர் காதில் ஏதோ சொன்னாள். பிறகு இனிப்புப் பெட்டிகளும் தேயிலைப் பொட்டலமும் எழுதியிருந்த பரிசுப் பட்டியலை இழுத்து, கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். எங்கள் அதிகாரியிடம் நீட்டி, "கம்பளிக் காலுறை, ஒரு இணை. தயைகூர்ந்து ஒப்பமிடவும்," என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். தம்பிக்காரன் சாக்ஸை அங்கிக்குள் செருகிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். அளவு சரியாக இருந்ததா என்று நான் லேவுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் யூதோல் கேட்கிறாள். இதுவரை தகவல் இல்லை.